பாய்மரப் படகுக் கயிற்றுக்குச் சாயம்: அண்டாவை அடுப்பில் ஏற்றுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

முப்பது அடிப் பாய்மரப் படகில், பாய்மரத்தின் அடியிலிருந்து பின்தளத்துக்கு ஓடிவரும் கயிறுகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளட்ச் வரிசைக்குள் புகுந்து பத்துப் பன்னிரண்டு வால்களாக ஒரே இடத்தில் வந்து விழும். மெயின் பாயை ஏற்றும் ஹாலியார்ட், முன்பாயான ஜிப்பின் ஹாலியார்ட், முன்னால் பலூன் போல விரியும் ஸ்பின்னேக்கர் பாயை ஏற்றுவது, மெயின் பாயின் அடிக்கழியான பூமைத் தாங்கிப் பிடிக்கும் டாப்பிங் லிஃப்ட், காற்று கூடினால் பாயைக் குறுக்கும் ரீஃப் கயிறுகள், பாயின் இறுக்கத்தையும் வடிவத்தையும் சரிசெய்யும் கன்னிங்ஹாம், அவுட்ஹால், வாங் என்று வரிசை நீளும். அத்தனையும் வெள்ளையாக, ஒரே தடிமனில் இருந்தால் பழகிய கையே தடுமாறும். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மெயின் பாய் இறங்கிக்கொண்டிருக்கும்போது, ரீஃப் கயிறு என்று நினைத்து டாப்பிங் லிஃப்டின் கிளட்சைத் திறந்துவிட்டால், தாங்க ஏதுமில்லாத பூம் கீழே நிற்பவர் தலையில் இறங்கும். அதனால்தான் கயிற்றுக்குக் கயிறு நிறம் வேண்டும் என்கிறோம்.

சென்னையில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன. நேத்ரா குமணன், விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகியோர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய் விரித்த பிறகு இந்த விளையாட்டின் பக்கம் திரும்பும் பெற்றோரும் கூடியிருக்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறத்தில் வரும் படகுக் கயிறு பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். கையில் இருப்பது வெள்ளைக் கயிறு. ஆகவே வீட்டிலேயே சாயம் முக்கிவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. “துணிச் சாயம் ஒரு பொட்டலம் வாங்கு, கொதிக்கிற தண்ணீரில் போடு, கயிற்றை அதில் அமுக்கு” என்ற யோசனையும் கைபேசிக் காணொளிகளில் சுற்றுகிறது. அந்த யோசனை ஒரு வகைக் கயிற்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வீண், வேறொன்றுக்கு ஆபத்து. எந்தக் கயிறு எந்த வகை என்பதைச் சொல்லாமல் அதைப் பரப்புவது தவறு. இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

படகுக் கயிறு பெரும்பாலும் நான்கு இழைகளில் வருகிறது: நைலான், பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன், ‘டைனீமா’ போன்ற பெயர்களில் விற்கும் உயர்வலிமைப் பாலிஎத்திலீன். அமிலம் கலந்த தண்ணீரில் ஏறும் ஆசிட் சாயத்தை நைலான் ஆசையாக வாங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் தண்ணீரையே உள்ளே விடாத இழை. அதற்கு டிஸ்பர்ஸ் சாயமும் கடும் சூடும் வேண்டும். கடைசி இரண்டும் எந்தச் சாயத்தையும் வாங்காது. காசிமேட்டுக் கடைகளில் தொங்கும் பச்சை, நீலம், ஆரஞ்சு மீன்பிடிக் கயிறுகளைப் பார்த்துப் பாலிப்ரொப்பிலீனுக்குச் சாயம் ஏறும் என்று நினைக்கக் கூடாது. அவை இழை இழுக்கும்போதே பிளாஸ்டிக்கோடு நிறத்தைக் கலந்து செய்தவை.

இழையைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. இரண்டு டம்ளர் போதும். ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் ஒரு லிட்டருக்கு 360 கிராம் உப்பு என்ற கணக்கில், இனிமேல் கரையாது என்னும் வரை கரைத்த உப்புத் தண்ணீர். கயிற்றின் முனையில் ஒரு சென்டிமீட்டர் நூலை வெட்டி, இழை இழையாகப் பிரித்து, ஒரு சொட்டுச் சோப்பு நீரில் கசக்கி, காற்றுக் குமிழ் ஒன்றும் ஒட்டியிராதபடி தண்ணீருக்குள்ளேயே பிழிந்து விடுங்கள். நல்ல தண்ணீரில் மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது டைனீமா வகை. சாயப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மூழ்கினால் உப்புத் தண்ணீருக்கு மாற்றுங்கள். அங்கே மேலே எழும்பினால் நைலான், அடியிலேயே கிடந்தால் பாலியஸ்டர். நைலானின் அடர்த்தி 1.14, பாலியஸ்டருடையது 1.38, உப்பு நிறைந்த தண்ணீர் ஏறத்தாழ 1.2, இந்த இடைவெளிதான் சோதனையின் அடிப்படை. குமிழைப் போக்காமல் செய்தால் எல்லா இழையும் மிதக்கும், சோதனை பொய்க்கும்.

சந்தேகம் தீராவிட்டால் ஓர் இழையை இடுக்கியில் பிடித்து வெளியில் வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பாலியஸ்டர் கரும்புகை விட்டு, கருத்த கெட்டி மணியாக உருளும். நைலான் புகை குறைவாக உருகி, வெளிறிய பழுப்பு மணியாகும். பாலிப்ரொப்பிலீன் மெழுகுவத்தி வாசனையோடு எரியும். மஞ்சளாக இருந்து, உருகாமல் கருகினால் அது கெவ்லர் போன்ற அராமிட் இழை. அதற்கும் சாயம் வேண்டாம்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பின்னல் கயிற்றில் மேலுறை வேறு, உள்கயிறு வேறு. வெளியே பாலியஸ்டர், உள்ளே டைனீமா என்பது ஹாலியார்டுகளில் வெகு சாதாரணம். எனவே இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். டைனீமா வகை இழை 145 முதல் 150 டிகிரிக்குள் உருகிவிடும். 70 டிகிரிக்கு மேல் அதைப் பாரத்தில் வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்பதே பொதுவான எச்சரிக்கை. அப்படிப்பட்ட உள்கயிற்றைக் கொதிநீரில் தளர்வாகப் போட்டால், இழுத்து நேராக்கி வைத்திருக்கும் மூலக்கூறுகள் தளர்ந்து கயிறு சுருங்கும், வலிமை குறையும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலுறைக்கு அழகான நிறம் கிடைத்திருக்கும். பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் கெட்டுப்போன கயிறு.

நைலானுக்கு வருவோம். நங்கூரக் கயிறு, கரையில் படகைக் கட்டும் கயிறு, இழுவைக் கயிறு ஆகியவை பெரும்பாலும் நைலான். இழுபடும் தன்மை அதற்கு வேண்டியிருப்பதால் இந்த வேலைகளில் கொஞ்சம் கூடுதலாக இழுபட்டாலும் கேடில்லை. வீட்டில் சாயம் ஏற்ற உகந்த கயிறு இதுதான்.

காய்ந்த கயிற்றை எடை போடுங்கள், கணக்கெல்லாம் எடையிலிருந்துதான். 2 கிலோ கயிறு என்று வைத்துக்கொள்வோம். கடலில் இருந்து வந்த கயிறானால் இரவு முழுதும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றி உப்பை எடுக்க வேண்டும். கடலுப்பில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் சாயத்தைத் திரள வைத்துவிடும். பிறகு லிட்டருக்கு 2 கிராம் சோப்புத் திரவத்தோடு 60 டிகிரியில் அரை மணி நேரம். புதுக் கயிற்றுக்கும் இதைத் தவிர்க்க முடியாது. நூற்பாலையிலும் கயிற்றாலையிலும் பூசிய எண்ணெய் இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது. சாயத்துணி விஷயத்தில் பாதிக்கு மேற்பட்ட திட்டுகள் சரியாகக் கழுவாததால்தான் வருகின்றன என்று எந்த டையிங் மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்.

துருப்பிடிக்காத எஃகு அண்டாவில் 40 லிட்டர் தண்ணீர். அலுமினியப் பாத்திரம் அமிலத்தோடு சேராது. சமையல் பாத்திரம் எதையும் தொடக்கூடாது. நடுத்தர நிறத்துக்கு எடையில் நூற்றுக்கு 2 பங்கு, அதாவது 40 கிராம் ஆசிட் சாயம். இளநிறத்துக்கு 10 முதல் 15 கிராம் போதும்; அடர் சிவப்புக்கு 60 வரை போகலாம். சாயத்தூளை முதலில் குளிர்ந்த தண்ணீரில் குழைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். நேராகத் தூளைக் கொட்டினால் கயிற்றில் புள்ளி புள்ளியாக விழும், பிறகு போகாது. தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். லிட்டருக்கு 10 மி.லி. கணக்கில் வெள்ளை வினிகர், பி.எச். தாளில் 5 காட்ட வேண்டும். நிலத்தடி நீர் கடினமாக இருக்கும் பகுதிகளில் 20 மி.லி. வரை தேவைப்படும். வினிகருக்குப் பதிலாகப் பேட்டரி ஆசிட், கழிவறை ஆசிட் என்று எதையாவது ஊற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைலானைத் தின்றுவிடும். குளோரின் பிளீச்சும் அப்படித்தான்.

கயிற்றை 40 டிகிரித் தண்ணீரில் நனைத்த நிலையில் போட்டு, பத்து நிமிடம் புரட்டிக்கொண்டே இருந்து, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 90 வரை ஏற்றுங்கள். 50, 60 டிகிரியைத் தாண்டும்போது நைலான் சாயத்தை மளமளவென்று இழுக்கும். அந்த நேரத்தில் தீயைக் கூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனால் வெளிச்சுற்று அடர்ந்தும் உள்சுற்று வெளிறியும் நிற்கும். எனவே வினிகரில் பாதியை முதலிலும் மீதியை 80 டிகிரியைத் தொட்ட பிறகும் விடுவது நல்லது. 90-இல் 40 நிமிடம். தண்ணீர் ஏறக்குறைய தெளிந்துவிட்டால் சாயம் உள்ளே போய்விட்டது என்று பொருள். அதே தண்ணீரில் 50 டிகிரி வரை ஆறவிட்டு எடுங்கள். சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கயிறு கோணல்மாணலாகச் சுருங்கும்.

கயிற்றை அண்டாவுக்குள் எப்படி வைப்பது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். இறுக்கிச் சுருட்டிக் கட்டினால் கட்டிய இடமெல்லாம் வெள்ளை வளையம். நூலை நெசவாளர் சிட்டமாகப் போடுவது போல அகலமான தளர்ந்த சுற்றாக எடுத்து, நான்கு இடத்தில் எட்டு வடிவத்தில் தொளதொளவென்று கட்டி, முனைகளை உருக்கி அல்லது நூலால் சுற்றிப் பிரியாமல் செய்து உள்ளே விட வேண்டும். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அழுத்தினால் கயிறு தண்ணீருக்கு மேல் எழும்பாது.

முடிந்ததும் நன்றாக அலசி, நிறத்தை நிலைநிறுத்த சின்டான் எனப்படும் பிடிப்பான், எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு, புதுத் தண்ணீரில் பி.எச். 4-க்கும் 4.5-க்கும் இடையில், 70 டிகிரியில் 20 நிமிடம். இதைச் சோம்பலால் விடாதீர்கள். காரணம் இருக்கிறது. ஸ்பின்னேக்கர் பாயும் நைலான்தான். ஈரமான சிவப்புக் கயிறும் ஈரமான வெள்ளை ஸ்பின்னேக்கரும் ஒரே பைக்குள் ஒரு நாள் கிடந்தால், கயிற்றிலிருந்து கழன்ற சாயம் பாயில் ஏறி, அதை எடுக்க வழியே இருக்காது. இதனால்தான் சாயம் வாங்கும்போதே சீராகப் பரவினாலும் எளிதில் கழலும் மலிவான லெவலிங் வகையை விட்டு, உலோகம் சேர்ந்த 1:2 மெட்டல் காம்ப்ளக்ஸ் வகையைக் கேட்கச் சொல்கிறோம். நிறம் சற்று மங்கலாக இருக்கும். ஆனால் நனைந்தாலும் கழலாது, வெயிலிலும் நிற்கும்.

நைலான் கயிறு இந்தச் சூட்டில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சுருங்கும். நீளத்துக்கு வெட்டுவதும், கண்ணி போட்டுப் பின்னுவதும் சாயத்துக்குப் பிறகுதான். சுருங்கும் கயிறு தடிக்கும்; 12 மி.மீ. கப்பியில் மட்டாக ஓடிய கயிறு பிறகு உரசும். அதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போட வேண்டும். எண்ணெய் போன கயிறு விறைப்பாக இருப்பது இயல்பு. கடைசி அலசலில் கொஞ்சம் துணி மென்மையாக்கி சேர்த்தால் தணியும். நிழலில் தளர்வாகத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். வெளியே காய்ந்தது போலிருந்தாலும் உட்புரி ஈரமாக இருக்கும். ஈர நைலான் தன் வலிமையில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கை இழந்த நிலையில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

பழைய கயிற்றில் ஒரு நன்மை எதிர்பாராமல் கிடைக்கும். வெயில் தின்ற நைலான், சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் இடங்களை இழந்திருக்கும். ஆகவே நன்றாகக் கழுவியும் ஒரு பகுதி மட்டும் வெளிறி நின்றால், அந்தப் பகுதியைச் சந்தேகத்தோடு பாருங்கள்; பிரித்து இழையை நகத்தால் உரசினால் பொடி உதிர்கிறதா என்று சோதியுங்கள்.

நங்கூரக் கயிற்றை ஆழம் தெரியும்படி பகுதி பகுதியாக நிறமிடுவது இதே முறையின் இன்னொரு பயன். 10 மீட்டருக்கு ஒரு பட்டை, ஒரு மீட்டர் நீளம், 10-க்கு மஞ்சள், 20-க்கு நீலம், 30-க்கு சிவப்பு என்று போடலாம். பெயின்ட் அடிப்பவர்கள் உண்டு. பெயின்ட் புரிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கயிறு வளையும்போது அந்த இடம் மட்டும் விறைத்து நின்று இழை முறியும். அந்தப் பட்டைகளைச் சாயத்தில் முக்க நேரமில்லாதவர்கள் நிற நூலைப் புரிகளுக்கிடையே தைத்துவிடலாம். பெயின்டைவிட அது பல மடங்கு மேல்.

பாலியஸ்டர் கதை வேறு. படகில் ஓடும் கயிறுகளில் பெரும்பகுதி இதுதான். டிஸ்பர்ஸ் சாயம் தண்ணீரில் கரையாது, நுண்துகளாக மிதக்கும். இழை சூட்டில் நெகிழ்ந்தால்தான் துகள் உள்ளே நுழையும். 100 டிகிரியில் நுழைவு மெதுவாக இருக்கும், 130 டிகிரியில் சரளமாக இருக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100-க்கு மேல் போகாது என்பதால் வீட்டில் அடர்நிறம் வராது. கறுப்பும் நேவி நீலமும் நினைத்துப் பார்க்கவே வேண்டாம். சிறிய மூலக்கூறு கொண்ட ‘ஈ’ (E) வகைச் சாயங்கள், டிஸ்பர்ஸ் ரெட் 60, ப்ளூ 56, யெல்லோ 54 போன்றவை, கொதிநிலையில் இளநிறம் முதல் நடுநிறம் வரை கொடுக்கும். அடையாளத்துக்கு அது போதும். எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை பங்கு சாயம், துகள்களைத் திரளாமல் வைக்கும் டிஸ்பர்சிங் ஏஜென்ட் லிட்டருக்கு ஒரு கிராம், பி.எச். 5, மூடிபோட்டுத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை மணி நேரம், பின்பு 70 டிகிரியில் சோப்பு. சாயம் உள்ளே போக உதவும் ‘கேரியர்’ திரவங்களை வீட்டில் பயன்படுத்தக் கூடாது. வாடை கடுமையானது, சில விஷத்தன்மை கொண்டவை, கயிற்றில் தங்கிவிட்டால் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். பழைய டிஸ்பர்ஸ் ப்ளூ 106, 124 இரண்டும் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. ஈரக் கையில் மணிக்கணக்காகப் பிடிக்கும் கயிற்றுக்கு அவை ஆகாது.

பாலியஸ்டர் சாயம் போடும் பட்டறையில், மூடிய கலத்தில் உயர் சூட்டிலும் அழுத்தத்திலும் இயங்கும் எச்.டி.எச்.பி. இயந்திரம் இருந்தால், 130 டிகிரியில் அரை மணி நேரத்தில் நல்ல நிறமே கிடைக்கும். கயிற்றை வலைப்பையில் தளர்வாக இட்டுக் கொடுங்கள். முதலில் இரண்டு மீட்டர்த் துண்டு ஒன்றை அனுப்பி, முன்னும் பின்னும் நீளம் அளந்து பார்த்துவிட்டே முழுக்கயிறும் போக வேண்டும். தண்ணீர் ஆறும் வரை உள்ளேயே விட்டால், பாலியஸ்டரிலிருந்து கசியும் வெண்மாவு கயிற்றின் மேல் படியும். இயந்திரம் பாதுகாப்பாக அனுமதிக்கும் சூட்டிலேயே வடித்துவிடச் சொல்லுங்கள். துணிக்குச் செய்வது போலக் காஸ்டிக்கும் ஹைட்ரோசும் போட்டு, மேலே ஒட்டி நிற்கும் சாயத்தைப் போக்கும் கழுவல் செய்யக் கேட்க வேண்டாம். சூடான காஸ்டிக் பாலியஸ்டரின் மேற்பரப்பை அரிக்கும். துணிக்கு அது பொருட்டில்லை, பாரம் தாங்கும் கயிற்றுக்குப் பொருட்டு.

நிறம் கிடைத்தாலும் பாலியஸ்டர் விஷயத்தில் விலை ஒன்று உண்டு. படகுக் கயிற்றின் இழையை ஆலையில் சூட்டில் இழுத்து நீட்டி, நீளாதபடி செய்திருக்கிறார்கள். தளர்வாக வைத்துக் கொதிக்கவிட்டால் அந்த இழுவையில் ஒரு பங்கு கழன்றுவிடும். கயிறு சில சதவீதம் சுருங்கும். பாரம் ஏறும்போது அதே அளவு திரும்ப நீளும். ஷீட் கயிற்றை, கடற்கரையோரத்தில் தாமான் என்பார்களே அதை, மாலுமி எந்நேரமும் கையால் இழுத்துத் தளர்த்திக்கொண்டிருக்கிறார்; கொஞ்சம் நீண்டால் சமாளிக்கலாம். ஹாலியார்ட் அப்படியில்லை. அது நீண்டால் பாயின் முன்விளிம்பு தொய்ந்து, பாயின் வயிறு பின்னுக்குப் போய், படகு காற்றை நோக்கி ஏற மறுக்கும். ஆகவே எங்கள் தீர்ப்பு இது: ஷீட்டுகளுக்கு முழுக்கச் சாயம் போடலாம், ஹாலியார்டுக்கு முழுக்கப் போடவே கூடாது.

ஹாலியார்டுக்கு வாலில் மட்டும் போடுங்கள். கிளட்சைத் தாண்டி பின்தளத்தில் கிடக்கும் பகுதிதான் கண்ணுக்குத் தெரிய வேண்டியது; பாய் முழுக்க ஏறிய நிலையில் அந்தப் பகுதியில் பாரமே இல்லை. கடைசி ஒரு மீட்டர் போதும். ரீஃப் போடும்போது ஹாலியார்ட் இறங்கி, வாலில் ஒரு பங்கு கிளட்சுக்குள் போகும் என்பதால் அதற்கு மேல் நீட்ட வேண்டாம். முக்கும்போது கயிற்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, எல்லையில் ரப்பர் பட்டையை இறுக்கிச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் சாயத்தண்ணீர் உள்கயிறு வழியாக ஒரு சாண், இரண்டு சாண் என்று மேலே ஏறிவிடும். உள்ளே டைனீமா இருக்கும் கயிறானால், வாலின் மேலுறையைப் பின்னுக்குத் தள்ளி, அந்த நீளத்துக்கு உள்கயிற்றை வெளியே எடுத்து, மேலுறையை மட்டும் முக்கலாம். சுருங்கிய மேலுறைக்குள் உள்கயிறு திரும்ப நுழைய மறுத்தால், முனையை அந்த அளவு மெலிதாக்கி நுழைக்க வேண்டும்.

இந்தச் சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு ஊசியும் மெழுகிட்ட நிறநூலும் இருக்கின்றன. கயிற்றின் முனையில் தடிமனைப்போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு நிறநூலைச் சுற்றித் தைத்துவிட்டால், அடையாளமும் ஆயிற்று, முனையும் பிரியாது. பிரிட்டிஷ் அரசக் கப்பல் தளங்களில் முறுக்கிய கயிற்றுக்குள் தளத்துக்கு ஒரு நிறமாக நூல் ஒன்றைச் சேர்த்துத் திரித்து, கயிறு திருடு போனால் கண்டுபிடித்தார்கள். ஒற்றை நிற நூல் ஒரு கடற்படைக்கே போதுமான அடையாளமாக இருந்திருக்கிறது. பின்னல் மேலுறையிலும் அப்படி ஒரு நிறநூலைக் கோணி ஊசியால் கோத்து ஓட்ட முடியும்.

டைனீமா வகைக் கயிறு நிறத்தில் விற்கிறதே என்று கேட்கலாம். அது பெரும்பாலும் சாயமில்லை, மேலே ஏற்றிய பாலியூரித்தேன் பூச்சு. கிளட்சில் உரசி உரசி நாளடைவில் போகும். அதே வகைப் பூச்சுத் திரவத்தில் நனைத்துப் பிழிந்து, ஒரு நாள் முழுக்கக் காயவைத்துப் புதுப்பிக்கலாம். சூடு காட்டக் கூடாது, பின்னல் வேலையை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும்.

சாயமோ மார்க்கர் பேனாவோ எதுவும் படக்கூடாத கயிறுகள் உண்டு. ஆளைப் படகோடு பிணைக்கும் ஹார்னஸ் கயிறு, பாய்மரத்தின் மேல் ஆளை ஏற்றும் கயிறு, மலையேறும் கயிறு. மலையேறும் கயிற்றை மார்க்கர் பேனாவால் குறியிட்டதில், விழும் ஆளைத் தாங்கும் திறன் பாதி வரை குறைந்ததாக மலையேற்றச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு சோதனை செய்து எச்சரித்திருக்கிறது. கயிற்றுக்கென்றே விற்ற பேனாவும் அதில் அடக்கம். பேனா மைக்கே அந்தப் பாதிப்பு என்றால் கொதிக்கும் சாயத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

நிறங்களை எப்படிப் பிரிப்பது? உலகம் முழுக்கச் செல்லும் சட்டம் எதுவும் இல்லை. பல படகுகளில் மெயின் பாய்க்கு வெள்ளை, ஜிப்புக்கு நீலம், ஸ்பின்னேக்கருக்குச் சிவப்பு, டாப்பிங் லிஃப்ட் போன்ற துணைக் கயிறுகளுக்குப் பச்சை என்பது வழக்கம். கப்பல் விளக்கில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பதால், இடமும் வலமுமாக ஜோடியாக வரும் ஸ்பின்னேக்கர் ஷீட்டுகளுக்கு அந்த இரு நிறத்தையும் ஒதுக்கிவிடுவது இன்னும் தெளிவு என்பது எங்கள் கருத்து. எதைத் தேர்ந்தாலும் ஒரு சங்கத்தின் எல்லாப் படகிலும் அதே ஒழுங்கு வேண்டும். படகுக்கு ஒரு முறை என்றால் நிறமே குழப்பத்தின் காரணமாகிவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு. இரவில் கண் பழக்கம் கெடாதிருக்க ஏற்றும் சிவப்பு விளக்கில், சிவப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும் ஒன்றாகவே தெரியும். அதனால் நிறத்தோடு கை உணரும் அடையாளமும் சேருங்கள்: மெயின் ஹாலியார்ட் வாலில் ஒரு நூல்சுற்று, ஜிப்பில் இரண்டு, ஸ்பின்னேக்கரில் மூன்று.

படகில் பூட்டுமுன் ஒரு சோதனை. லிட்டருக்கு 35 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில், சாயமிட்ட துண்டோடு வெள்ளை நைலான் துணித் துண்டையும் வெள்ளைப் பாலியஸ்டர் துணித் துண்டையும் சேர்த்துக் கட்டி ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு ஈரத் துணியால் கயிற்றைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் கயிறு படகுக்குப் போகக் கூடாது. மறுபடி சோப்பு, மறுபடி பிடிப்பான். ஒரு துண்டில் பாதியை அட்டையால் மூடி மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் போட்டால், எந்த நிறம் நிற்கும் என்பதும் தெரிந்துவிடும். கண்ணைப் பறிக்கும் ஃப்ளூரசென்ட் நிறங்கள்தான் முதலில் வெளுக்கும்.

சாயத் தண்ணீரைத் துறைமுகத்திலோ முகத்துவாரத்திலோ தெருச் சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். மெட்டல் காம்ப்ளக்ஸ் சாயத்தில் குரோமியமோ கோபால்ட்டோ இருக்கும். நொய்யலுக்கு நேர்ந்ததையும், அதன் விளைவாகச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் இந்த மாநிலம் அறியும். கேனில் சேர்த்துவைத்து, சுத்திகரிப்பு நிலையம் உள்ள பட்டறையிடம் ஒப்படைக்கலாம். இதற்கு வழியில்லாதவர்கள் சாயத்தை விட்டு நிறநூலைக் கையில் எடுப்பதே முறை.

கடைசியாகக் கயிறு விற்பவர்களிடம் ஒரு கோரிக்கை. விலைச்சீட்டில் ‘போட் ரோப், 10 எம்.எம்.’ என்று மட்டும் எழுதாமல், மேலுறை என்ன இழை, உள்கயிறு என்ன இழை என்ற இரண்டையும் எழுதிக் கொடுங்கள். சங்கங்களும் அதைக் கேட்டு வாங்கி, கயிற்றுச் சுருளோடு ஓர் அட்டையில் கட்டிவைக்கட்டும்.

இப்படிக்கு,
படகுக் கயிறு கட்டும் வேலையிலும் சாயத் தொழிலிலும் உள்ள வாசகர்கள்,
சென்னை – திருப்பூர்